அரிச்சல்முனையில் ஒரு சிவப்பு விளக்கு

ராமேஸ்வரம் லாட்ஜிலிருந்து இருட்டோடு இருட்டாக ஆட்டோவில் கிளம்பிவிட்டோம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல்தான். அதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, மணலில் வேனில் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை அப்படிப் போய் இடுப்பு கழன்றிருக்கிறது.

வடக்கே பெண்கடல் குளம் மாதிரி கிடந்தது. தெற்கே ஆண்கடல் வழக்கம்போல இரைச்சல். கரையோரம் ஒரு கூட்டம் கடற்காகங்கள். சூரியன் தலைகாட்டியதும் மொத்தமாக எழும்பின. நான் பட்டனை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. கேமரா பிடித்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுப்பவன் நான். படம் ஒன்றுக்கு 25 எம்பிக்குக் குறையாது.

அந்த நேரம் பார்த்து பேட்டரி சிவப்பில் மின்னியது. என் கேமராவில் பேட்டரிக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே மூடிதான். அவசரத்தில் திறந்து பேட்டரியை உருவிவிட்டேன். கார்டில் படம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பக்கத்தில் சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்ததை உருவிய பிறகுதான் கவனித்தேன். கார்டின் மேல் கொட்டை எழுத்தில் நொடிக்கு 95 எம்பி என்று போட்டிருக்கும். அது படிக்கும் வேகம்; எழுதும்போது அது மாட்டுவண்டிதான். எழுதும் வேகம் வேண்டுமென்றால் வி30 என்ற குறியைப் பார்த்து வாங்க வேண்டும். நொடிக்குக் குறைந்தது 30 எம்பி உறுதி.

புது பேட்டரி போட்டால், ‘கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது. மூன்று நாள் படம், பாம்பன் பாலம் உட்பட எல்லாம் அந்த ஒரே 128 ஜிபி கார்டில்.

“என்ன சார், மக்கர் பண்ணுதா?” என்றார் ஆட்டோக்காரர்.

நல்லவேளை, ‘ஆம்’ அழுத்தவில்லை. கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பையின் அடியில் கிடந்த பழைய 16 ஜிபியைச் செருகினேன். அதுவும் ‘லாக்’ என்றது. ஓரத்தில் உள்ள நகக்கண் அளவு பிளாஸ்டிக் தாழ்ப்பாள் கீழே இறங்கியிருந்தது. நகத்தால் மேலே தள்ளியதும் சரியானது. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களை அந்தக் கார்டில்தான், ராவை விட்டுவிட்டு, இடம் குறைவாகப் பிடிக்கும் ஜேபெக்கில் எடுத்தேன். வெளிச்சம் அதற்குள் வெளுத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இரவு லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்து ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். தொலைந்த படங்களை மீட்டுத் தரும் இலவச மென்பொருள்தான். கெட்டுப்போனது பெரும்பாலும் படங்கள் அல்ல, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை. கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் விட்டால் படங்களைத் தோண்டி எடுத்துவிடலாம். மீட்டதை லேப்டாப்பில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல. பழைய பெயர்கள் போய், எஃப் எழுத்தும் நீளமான எண்ணுமாகப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கறுப்புத் திரையில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வாங்கி வந்த புரோட்டா ஆறிப்போனது.

பாம்பன் முழுசாக வந்தது. கடற்காகங்களில் கடைசிப் படம் மட்டும் பாதி: மேலே பத்துப் பதினைந்து இறக்கைகள், கீழே கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் பட்டை. வீட்டில் இதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்கிறார்கள்.