வெந்தய வரியனுக்கு வீட்டில் இடம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையின் அடுக்குமாடி வீடுகளுக்குள் பட்டாம்பூச்சிகள் ஒதுங்குவது உண்டு. வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டுப் பால்கனிக்கு இந்த மழையில் வந்து சேர்ந்தது, ஒரு பக்கப் பின்சிறகு கிழிந்த வெந்தய வரியன். கிழியாத பின்சிறகின் நடுவே மூன்று கரும்புள்ளிகளே இருந்ததால் அது பெண் என்று தெரிந்தது. ஆணுக்கு நான்கு இருக்கும்.

காட்டு உயிரான பட்டாம்பூச்சியை மழை விடும்வரை மட்டுமே வீட்டில் வைத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. சிறகு முளைத்தபின் அதன் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்களே என்பதால், அதில் ஒரு நாளைக்கூட நம் ஆசைக்காக எடுத்துக்கொள்வது முறையாகாது. மின்விசிறி, பல்லி, எறும்பு என்று வீட்டுக்குள் ஆபத்துகளும் அதிகம். கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் சிறகு உரசிச் செதில்கள் உதிரும். காய்கறிகளை மூடிவைக்கும் வலைக்கூடையே போதும். ஏசி அறையில் வைக்கவே கூடாது, ஏனெனில் உடல் சூடேறாமல் அதனால் பறக்க இயலாது.

உணவூட்டுவதில்தான் பொறுமை வேண்டும். ஒரு பங்கு சர்க்கரைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று நீர்க்கக் கரைத்து, அதில் பஞ்சை நனைத்துச் சிறு தட்டில் வைக்க வேண்டும். கரைசல் கெட்டியாக இருந்தால் உறிஞ்சுகுழலில் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும். நான்கு சிறகுகளையும் மேலே கூப்பிய நிலையில், உடலுக்கு அருகே இரு விரல்களால் மெல்லப் பிடித்துப் பஞ்சின்மேல் நிறுத்தினேன். வெந்தய வரியனின் முன்கால்கள் சிறுத்து மார்போடு ஒட்டியிருப்பதால் நான்கு கால்களே இருப்பதாகத் தோன்றும். அந்தக் கால்களின் நுனியால்தான் அது இனிப்பைச் சுவைத்து அறிகிறது. ஈரம் பட்டவுடன், கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டிருந்த கரிய குழல் மெல்ல அவிழ்ந்து, பஞ்சின் இழைகளுக்கிடையே துழாவி, ஓரிடத்தில் நின்று உறிஞ்சத் தொடங்கியதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தானாக அவிழ்க்காத பூச்சிக்கு, சுருளின் நடுவே குண்டூசி முனையை நுழைத்து, சிறிதும் இழுக்காமல் குழலை நீருக்கு வழிகாட்டலாம். நன்கு கனிந்த வாழைப்பழத் துண்டையும் அது உறிஞ்சும்.

கிழிந்த சிறகு மீண்டும் வளராது. ஆனால், பின்சிறகுகளை முழுவதுமாக நீக்கிய பிறகும் பட்டாம்பூச்சிகளால் பறக்க முடிகிறது என்பதை பெஞ்சமின் ஜான்ட்ஸன், தாமஸ் ஐஸ்னர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். வேகமும் சட்டெனத் திரும்பும் திறனும்தான் குறைகின்றன. ஆகவே பின்சிறகின் சிறு கிழிசலுக்காகப் பசை தடவி ஒட்டுவேலை செய்வதை நான் விரும்பவில்லை.

மழை விட்ட காலையில், வெயில் ஏறிய பிறகு அதை வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். காற்றில் வீசாமல் உண்ணிப்பூச் செடியிலோ இட்லிப்பூச் செடியிலோ உட்காரவைத்தால், சிறகை விரித்துச் சூடேற்றிக்கொண்டு தானே கிளம்பும். எங்கள் வெந்தய வரியனுக்கு நான் தேர்ந்தெடுத்தது, தெருமுனைக் காலிமனையில் எருக்கஞ்செடிக்கு அருகே மண்டியிருந்த உண்ணிப்பூப் புதரை. பெண் பூச்சி எருக்கிலைகளில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். புழுக்களும் அந்த இலைகளைத் தின்றே வளரும். அந்த மனையைச் சுத்தம் செய்ய வருபவர்களிடம் எருக்கை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டிருக்கிறேன்.