ஸ்ட்ரோலரோடு பார்த்த மாண்ட்ரியல்

கனடா வந்து பத்து மாதம் டொராண்டோவுக்கு வெளியே ஒரு புறநகரில் இருந்தோம். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டும். கணவர் காரில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் நானும், நாலு வயது மகளும், ஒன்றரை வயது மகனும் மாலை வரை வீட்டுக்குள்தான். அதனால் அவருக்கு மாண்ட்ரியலில் வேலை உறுதியானதும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நடந்தே எல்லா வேலையும் முடிகிற இடமாகப் பார்ப்போம். சுவரில் ஓவியமும் தெருவில் ஆள் நடமாட்டமும் இருந்தால் இன்னும் நல்லது.

மார்ச் மாதம் ஐந்து நாள் விடுப்பில் போனோம். அங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூலை 1 அன்றுதான் தொடங்கும். முன்பு அது மே 1 ஆக இருந்ததாம். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகள் இடம் மாற வேண்டாம் என்று 1970களில் ஜூலைக்குத் தள்ளினார்கள். ஜூலையில் காலியாகும் வீடுகளுக்கு மார்ச்சிலேயே ஜன்னலில் ‘அ லூவே’ பலகை தொங்க ஆரம்பித்துவிடும். ‘வாடகைக்கு’ என்று பொருள். மகள் முதலில் கற்றுக்கொண்ட பிரெஞ்சு அதுதான். தெருத்தெருவாக அந்தப் பலகையைக் கண்டுபிடித்துக் கத்துவாள்.

முதல் இரண்டு நாளும் ப்ளாட்டோ, மைல் எண்ட் என்ற பகுதிகளில் சுற்றினோம். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. சேன்-லோரான் சாலையில் 2013 முதல் ஒவ்வொரு ஜூனிலும் சுவரோவியத் திருவிழா நடக்கிறது. அந்தப் பக்கம் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு சுவர் முழுக்க வண்ணம். 2017இல் ஒன்பது மாடி உயரத்துக்கு வரைந்த லெனார்ட் கோஹனின் உருவத்தை மகள் தலையைப் பின்னால் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். “இந்தத் தாத்தா ஏன் இவ்ளோ பெருசு?” என்று கேட்டாள். இந்த ஊர்க்காரர், பாட்டெழுதிப் பாடியவர் என்றேன்.

வீடுகளுக்கு வெளியே தெருவிலிருந்தே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டுகள்தான் இந்தப் பகுதியின் அழகு. போனில் பாதிப் படம் அவைதான். மூன்றாம் தளத்தில் ஒரு நாலரை பார்க்கப் போனோம். இங்கே வீட்டை 3½, 4½ என்று அறைக் கணக்கில்தான் சொல்வார்கள், அரை என்பது குளியலறை. வெளிப்படிக்கட்டு இரண்டாம் தளம் வரைதான். அதற்கு மேல் உள்ளே செங்குத்தாக, ஓர் ஆள் மட்டும் ஏறுகிற அகலத்தில் இன்னொரு படிக்கட்டு. கணவர் குழந்தையைத் தள்ளிச் செல்லும் ஸ்ட்ரோலரை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், மகன் என் இடுப்பில். மகள் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினாள். வீடு அருமை. மரத்தரை, கூடத்தில் நல்ல வெயில், ஜன்னலுக்கு வெளியே தேவாலயக் கோபுரம்.

இறங்கும்போதுதான் தெரிந்தது. பகலில் உருகிய பனி மறுபடி உறைந்து, இரும்புப் படிகளின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. மகள் நாலு படி இறங்கினாள், அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து உட்கார்ந்த நிலையிலேயே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். எண்ணவே இல்லை. கீழே வந்து அவள் கையுறையைக் கழற்றினேன். விரல்கள் கம்பியைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

அன்றிலிருந்து வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தோம். மேப் 8 நிமிடம் என்று சொன்னால் எங்களுக்கு 25 நிமிடம். ஒரு தெருவைக் காலையில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை பார்த்தோம். ஓவியம் நிறைந்த தெருவில்தான் பாரும் நிறைய, வெள்ளிக்கிழமை இரவு அங்கே குழந்தை தூங்காது. மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது. வாசல் கதவுகள் வேறு காற்றழுத்தத்தில் அவ்வளவு கனமாக இருக்கும், ஒரு கையால் ஸ்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஓடி வந்து கதவைப் பிடித்தார்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

கலைக்கு அலைய வேண்டியதில்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. ஷான்-து-மார்ஸ் மெட்ரோ நிலையத்தில் மார்செல் ஃபெரான் என்ற ஓவியர் 1968இல் செய்த வண்ணக் கண்ணாடிச் சுவர் இருக்கிறது. வெயில் வந்தால் தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக விழும். மகள் ஒவ்வொரு நிறத்திலும் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். பயணச்சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பொதுவான ஓவியம். அதற்காகக் கலைஞர்கள் வாழும் தெருவிலேயே குடியிருக்க வேண்டும் என்பதில்லை.

நாலாவது நாள் வெர்டன் என்ற பகுதிக்குப் போனோம். மெட்ரோவின் பச்சை வழித்தடம், பக்கத்திலேயே செயின்ட் லாரன்ஸ் ஆறு. வெலிங்டன் தெருவில் நூறடிக்குள் மருந்துக்கடை, காய்கறிக்கடை, பேக்கரி. கோடையில் அந்தத் தெருவில் வாகனம் விட மாட்டார்கள். வீடுகளுக்குப் பின்னால் சந்து. அங்கே பனிக்கு நடுவே ஒரு கூடைப்பந்து வளையமும் யாரோ விட்டுப்போன சறுக்குப் பலகையும். மூன்று வாசல் தள்ளிப் பிள்ளைகள் ஹாக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுவரோவியத்தை விட எனக்கு அந்தச் சத்தம்தான் பெரிதாகப் பட்டது.

வீடு தேடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டு உரிமையாளர் எங்களிடம் இரண்டு மாத அட்வான்ஸ் கேட்டார். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, முதல் மாத வாடகையை மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம். கணவரின் அலுவலக நண்பர் சொல்லியிருக்காவிட்டால் கொடுத்திருப்போம். இன்னொன்று பள்ளி. 1977இல் வந்த 101ஆம் சட்டப்படி எங்களைப் போலக் குடியேறியவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். செப்டம்பர் 30க்குள் ஐந்து வயது நிறைந்தால் அந்த ஆண்டே மழலை வகுப்பு. மகளுக்கு ஆகஸ்டில் நிறைகிறது. ஆகவே வீட்டை முடிவு செய்யும் முன்பே பள்ளிக்கு நடந்து பார்த்தோம், அவள் வேகத்தில், பனியில்.

கடைசியில் வெர்டனில் தரைத்தளத்தில் ஒரு நாலரை அமைந்தது. ப்ளாட்டோ வீட்டின் வெயில் இதில் இல்லை, பிற்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்த ஜன்னலை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஓவியம் பார்க்க மாதம் இரண்டு சனிக்கிழமை மெட்ரோ ஏறிவிடுகிறோம்.

இந்த வீட்டு வாசலில் மூன்றே படி. குடிவந்த அன்று பெட்டிகளைத் தூக்கி முடிக்கும் முன்பே மகள் அவற்றை எண்ணிவிட்டாள். இப்போது மூன்றையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவித்தான் தெருவுக்கு இறங்குகிறாள்.