ஓலை, பதிவேடு, நோயாளி வீட்டுத் திருவிருந்து

வடசென்னை லுத்தரன் சபைகளில், “இவர் நாலாம் தலைமுறை ஐயர்” (அதாவது சபைப் போதகர்) என்று பெருமையாகச் சொல்வார்கள். 1733இல் தரங்கம்பாடியில் முதல் தமிழ் லுத்தரன் ஐயரான ஆரோன் குருப்பட்டம் பெற்றதில் தொடங்கும் வரிசை அது. தாத்தா உபதேசியார் (ஐயருக்கு உதவியாகச் சபையில் போதிப்பவர்), அப்பா சபைப் பள்ளி வாத்தியார், பிள்ளை ஐயர் என்று வளர்ந்த வீடுகள் பல. ஊழியத்துக்கான அழைப்பு ரத்தத்தில் வருமா என்பது வேறு கேள்வி. வேலைப் பழக்கம் நிச்சயம் வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவு தட்டினால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதை ஐயர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் கீழ்ப்பாக்கம் குருகுலத்தில் இறையியல் படித்து முடித்து, முதல் சபையில்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பது எல்லோருக்கும் தெரியும். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு என்று பத்திரிகை அடித்துவிட்டு, பெண் வீட்டு வண்டி மூலக்கடையில் மாட்டிக்கொண்டால் ஐயர் பாடு திண்டாட்டம். நாலரைக்கு மேல் நேரம் தராமல் இருப்பதே நல்லது.

அதைவிடப் பெரிய தலைவலி பெயர். ஞானஸ்நானப் பதிவில் எஸ்தர், ஆதாரில் கலைவாணி. அப்பாவின் இனிஷியல் ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு. பாஸ்போர்ட் எடுக்கப் போகும் நாளில்தான் குடும்பம் ஓடி வரும். முதல் ஓலைக்கு முன்பே பள்ளிச் சான்றிதழ், ஆதார், ஞானஸ்நானச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். ஒயிட்னர் பூசினால் அந்தப் பக்கத்தையே யாரும் நம்ப மாட்டார்கள்.

பாரம்பரியத்தில் தவறுகளும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். 1742இல் சென்னைக்கு வந்து வேப்பேரியில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ், 1779இல் வெளிவந்த தமிழ் அகராதியைத் தந்தவர். அவரே, நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கடனாகக் கொடுத்து, திரும்பி வராமல், முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். கெட்ட எண்ணமில்லை; கணக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்? காணிக்கையை ஆராதனை முடிந்த கையோடு இரண்டு சபை மூப்பர்கள் எண்ணி, நோட்டு வாரியாக எழுதிக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிட வேண்டும். ஒரு ராத்திரிகூட அது ஐயர் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது.

அழைப்பு உண்டா இல்லையா என்று தெரிவது நோயாளி வீட்டில். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ பத்துக்குப் பத்து அறை; கட்டில் போக நிற்க ஒரு முழம் இடம்தான். நோயாளிக்குத் திருவிருந்து (இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துக் கொடுக்கும் அப்பமும் ரசமும்) கொடுக்கப் போகும்போது சிறு பையில் கிண்ணம், அப்பம், திராட்சை ரசம், வெள்ளைத் துணி, ஆராதனைப் புத்தகம். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது, வீட்டார் கேட்டாலும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அப்பத்தில் நகத்தளவு கிள்ளி, ரசத்தில் தோய்த்து நாக்கில் வைக்கலாம். தலையணையை உயர்த்தாமல் கொடுத்தால் புரையேறும். குழாய் வழி உணவு என்றால் உதட்டில் ஒரு சொட்டு தொட்டு வைக்கவும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் பெயரே மறந்துபோன பாட்டி, “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கியதும் உதட்டை அசைப்பார். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். பாட்டி எந்தச் சொல்லில் நிற்கிறாரோ அந்தச் சொல்லில் நின்று, அவர் வந்து சேர்ந்த பிறகு அடுத்ததைச் சொல்ல வேண்டும். அவசரக்கார ஐயருக்கு இது கைகூடவே கைகூடாது.

மீந்த அப்பத்தையும் ரசத்தையும் அங்கேயே உட்கொண்டு, கிண்ணத்தைத் துடைத்து, திரும்பியதும் திருவிருந்து வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் விட்டுப்போகும்.