வீடு முழுக்க பாட்டு: வயர்லெஸ் ஸ்பீக்கருக்கு எவ்வளவு காசு போடலாம்?

எல்லா ரூமுலயும் ஒரே பாட்டு ஒரே நேரத்துல ஓடுற வயர்லெஸ் ஸ்பீக்கர் செட்டு வாங்கலாமா வேணாமான்னு இப்ப நம்ம மதுரையில நெறைய பேரு கேக்குறாய்ங்க, குறிப்பா புது வீடு கட்டுறவங்க. என் அபிப்பிராயத்த மொதல்லயே சொல்லிர்றேன். வீடு முழுக்க பாட்டு கேக்குறது நெசமாவே பெரிய சுகம், அதுக்கு காசு செலவழிக்கிறது தப்பே இல்ல, ஆனா ஸ்பீக்கரையும் அதோட மூளையையும் (அதாவது நெட்டுல இருந்து பாட்ட இழுத்து வாசிக்க வைக்கிற சின்ன கம்ப்யூட்டரையும் சாஃப்ட்வேரையும்) ஒரே டப்பாவுக்குள்ள வச்சு விக்கிற சாமானுக்கு லட்சக்கணக்குல போடாதீங்க. ஸ்பீக்கருக்கு ஆயுசு இருவது முப்பது வருஷம், மூளைக்கு ஆயுசு அஞ்சோ ஏழோ வருஷம், இது ரெண்டும் ஒண்ணா இருந்தா மூளை போற அன்னைக்கு ஸ்பீக்கரும் சேந்து போயிரும்.

மொதல்ல ப்ளூடூத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிர்றேன், கடையில கேட்டா ரெண்டும் வயர்லெஸ்தான சார்னு முடிச்சிர்றாங்க. ப்ளூடூத்துல பாட்டு போன்ல இருந்து ஸ்பீக்கருக்கு போவுது, போன எடுத்துக்கிட்டு தெருமுனை கடைக்கு போனா பாட்டு நின்னுரும், நடுவுல கால் வந்தாலும் நின்னுரும், ரெண்டு சுவர் தாண்டுனாலே திக்க ஆரம்பிச்சிரும். வைஃபை செட்டுல ஸ்பீக்கரே நேரா நெட்டுல இருந்து பாட்ட இழுத்துக்கும், போனு வெறும் ரிமோட்டுதான். போன ஆஃப் பண்ணாலும் அங்கிட்டு பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

இதுல எனக்கு உண்மையிலேயே பிரமிப்பா இருக்குற விஷயம் அந்த ஒத்திசைவுதான். சத்தம் காத்துல ஒரு மில்லி செகண்டுக்கு சுமார் 34 சென்டிமீட்டர்தான் போவும், அப்ப பத்து மீட்டர் தள்ளி இருக்க ஸ்பீக்கர் சத்தம் நம்ம காதுக்கு வர்றதுக்கு கிட்டத்தட்ட 29 மில்லி செகண்டு ஆவுது. அந்த அளவு வரைக்கும் காது பெருசா கண்டுக்காது, ஒண்ணா சேத்தே கேட்டுக்கும், அதுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா கூடுச்சுன்னா ரெண்டு பேரு பாடுற மாதிரி எதிரொலி தெரிய ஆரம்பிச்சிரும். வைஃபையில டேட்டா ஒரு ரூமுக்கு சீக்கிரம் வரும், இன்னொரு ரூமுக்கு லேட்டா வரும், எப்படி வரும்னு நிச்சயமே கெடையாது. அதனால ஒவ்வொரு ஸ்பீக்கரும் கொஞ்சம் பாட்ட முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு, உள்ள இருக்க கடிகாரத்த மத்த ஸ்பீக்கரோட கடிகாரத்தோட ஓயாம சரிபாத்து, இந்தத் துண்ட இந்த நொடியில வாசின்னு ஒட்டியிருக்க நேரத்துக்கு கரெக்டா வாசிக்குது. சோனோஸ் கம்பெனி 2005லயே இத கடைக்கு கொண்டு வந்துட்டாங்க, ஆப்பிள்காரங்க 2018ல ஏர்ப்ளே 2ன்னு கொண்டு வந்தாங்க. ரேஸ்பெர்ரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல ஸ்நாப்காஸ்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டும் இதே வேலைய பண்ணலாம், நல்லாவே பண்ணுது.

ஆனா ஒண்ணு, வீடு முழுக்க ஒரே நேரத்துல பாட்டுங்கிறது நமக்குப் புதுசு இல்ல. கொடைக்கானல் எஃப்எம் 100.5 ஓடுற காலையில ஒரு தெரு பூரா நடந்து போனீங்கன்னா டீக்கடை, தையக்கடை, ஒவ்வொரு வீட்டு அடுப்படின்னு பாட்டு ஒரு வரி விடாம கூடவே வரும். எஃப்எம் அலை எல்லா ரேடியோவுக்கும் ஒரே நேரத்துல வந்து சேருது, எந்தக் கடிகாரமும் தேவையில்ல. அதே நிலையத்த நெட்டு வழியா போட்டுப் பக்கத்துல ஒரு ரேடியோவையும் வச்சுப் பாருங்க, நெட்டு பல நொடி பின்தங்கி வரும். ரூமுக்கு ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ வாங்கி வச்சாலே சில வீட்டுக்கு போதும், அத நான் மனசாரத்தான் சொல்றேன்.

சரி, மூளை ஏன் சீக்கிரம் போவுதுங்கிற கதைக்கு வர்றேன், இதுதான் காசு போடுறவங்க முக்கியமா யோசிக்க வேண்டிய எடம். சோனோஸ் 2020 ஜனவரியில பழைய மாடலுக்கெல்லாம் மே மாசத்தோட அப்டேட் நிறுத்தப்போறோம்னு அறிவிச்சாங்க, சத்தம் நல்லா வந்துக்கிட்டு இருந்த ஸ்பீக்கருங்கதான் அதெல்லாம், ஜனங்க கொந்தளிச்ச பெறகு பழசுக்கு ஒரு ஆப், புதுசுக்கு ஒரு ஆப்புன்னு பிரிச்சாங்க. 2024 மே மாசம் புது ஆப் விட்டாங்க, அதுல அலாரம், ஸ்லீப் டைமர் மாதிரி முன்ன இருந்த வசதியே காணோம், அந்தப் பிரச்சனை முத்திப் போயி 2025 ஜனவரியில சிஇஓவே பதவியில இருந்து வெளிய வந்துட்டாரு. கூகுள் கதை வேற மாதிரி, 2022ல சோனோஸோட பேட்டன்ட் வழக்குல தோத்ததால, அவங்க ஸ்பீக்கருங்கள்ல எல்லா ஸ்பீக்கர் வால்யூமையும் ஒரே நேரத்துல கூட்டிக் குறைக்கிற வசதிய எடுத்தாங்க, ஏற்கனவே காசு குடுத்து வாங்குனவங்க வீட்டுலயும் அது போச்சு. பழைய ஸ்பீக்கர வைஃபை ஸ்பீக்கரா மாத்துற குரோம்காஸ்ட் ஆடியோன்னு அருமையான சின்ன வில்ல ஒண்ணு 2015ல வந்துச்சு, 2019ல நிறுத்திட்டாங்க, 2025 மார்ச்ல அதோட அடையாளத்த உறுதிப்படுத்துற ஒரு டிஜிட்டல் சர்டிஃபிகேட் காலாவதியாகி அதெல்லாம் கொஞ்ச நாள் ஊமையாவே கெடந்துச்சு, அப்புறம்தான் சரி பண்ணாங்க. இத்தனைக்கும் ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் கெடையாது.

இதுக்கு நேர் எதிரா ஸ்க்வீஸ்பாக்ஸ்னு நெட்டு வழியா பாட்டு போடுற பெட்டி ஒண்ணு இருந்துச்சு, லாஜிடெக் 2012லயே அத நிறுத்திட்டாங்க, ஆனா அதோட சர்வர் சாஃப்ட்வேர் திறந்த மூலம், அதாவது யாரு வேணா எடுத்து மாத்திக்கலாம்ங்கிறதால ஆர்வலர்களே லிரியான்ங்கிற பேர்ல இன்னைக்கு வரைக்கும் நடத்திக்கிட்டு வர்றாங்க, பழைய பெட்டியெல்லாம் இன்னும் பாடுது. கம்பெனி போனாலும் சாமான் நிக்குமான்னு பாத்து வாங்கணும்ங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

எங்க வீட்டுல அப்பா காலத்துல அசெம்பிள் பண்ணி வாங்குன ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு இருக்கு, உள்ள சத்தத்த பெருசாக்குற 4440 ஐசி சிப்பு வச்ச போர்டு, தகர டப்பா, முன்னாடி பாஸ் ட்ரெபிள் திருகு. கண்டென்சர் உப்பிப் போயி மாத்தியிருக்கோம், வால்யூம் திருகு கரகரன்னு சத்தம் போட்டா ஸ்ப்ரே அடிச்சு நாலு தடவ இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பி விட்டா சரியாயிரும். டி.எம்.எஸ் குரல் அதுல வர்றப்ப அம்மா அடுப்படியில இருந்து வால்யூம் கூட்டச் சொல்லுவாங்க. இப்ப அதுக்குப் பின்னாடி நெட்டுல இருந்து பாட்ட இழுத்துக் குடுக்குற ஒரு சின்ன ஸ்ட்ரீமர் டப்பாவ சொருகிட்டேன், அவ்வளவுதான், அது வைஃபை ஸ்பீக்கர் ஆயிருச்சு, மாடியில இருக்க செட்டோட சேந்து ஒரே தாளத்துல பாடுது. நாளைக்கு அந்த டப்பா காலாவதி ஆச்சுன்னா டப்பா காசு மட்டும்தான் நட்டம்.

அம்மாவுக்கு முட்டி வலி, படியேற முடியாது, மாடியில இருந்துக்கிட்டே நான் கீழ மார்கழி காலையில திருப்பாவை போட்டு விடலாம், ராத்திரி அவங்க தூங்குனதும் நானே நிறுத்திக்கலாம். வயசானவங்க இருக்க வீட்டுல இது ஒண்ணுக்கே காசு தகும்னு நெனைக்கிறேன். மத்தபடி ஆளுக்கு ஒரு ரூமுல ஹெட்போனோட உக்காந்திருக்க வீட்டுக்கு இது தேவையே இல்ல.

நம்ம ஊரு வீடுங்க பத்தியும் கொஞ்சம் சொல்லணும். விளம்பரத்துல காட்டுற பலகைச் சுவர் வீடு இல்ல நம்மது, ஒம்பது இஞ்சு செங்கல் சுவர், மேல கான்கிரீட்டு, ஹால்ல இருக்க ரவுட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மாடி பெட்ரூமுக்கு போறதுக்குள்ள செத்துரும், அதே ரவுட்டரோட 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். மாடிக்கு ரவுட்டர்ல இருந்து ஒரு லேன் கேபிள் (நெட்டு வயரு) இழுத்து அங்க வைஃபை குடுக்குற ஒரு ஆக்சஸ் பாயிண்ட் பெட்டி வச்சாத்தான் பாட்டு திக்காம வரும். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புன்னு கரண்ட் போற அன்னைக்கு ரவுட்டர் இன்வெர்ட்டர்ல இல்லன்னா எல்லா ரூமும் மொத்தமா அமைதி. வாய்ல சொல்லி பாட வைக்கிற ஸ்பீக்கருங்க நெட்டு போனா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, அதனால பாட்ட ஒரு ஹார்டுடிஸ்க்ல வச்சுக்கிற வழி இருக்கான்னு பாத்துக்கோங்க. இன்னொன்னு, சும்மா இருக்கப்பயே ஒரு ஸ்பீக்கர் மூணு வாட் இழுக்குதுன்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 26 யூனிட், அஞ்சு ரூமுக்கு 130 யூனிட், இதையும் செலவுல சேத்துக்கணும்.

ஒத்தக்கடையில வீடு கட்டுற என் மச்சான் போன வாரம் போன் பண்ணி, "மாப்ள, ஆறு ரூமுக்கும் வயர்லெஸ்ஸே போட்டுரலாம்ங்குறாய்ங்க, சுவத்த வெட்டுற வேலை மிச்சம்ங்குறாய்ங்க"ன்னாரு. நான் சொன்னது இதுதான். மச்சான், இன்னும் பூச்சு வேலை முடியல, சுவத்த வெட்டி பைப் பதிக்கிற ஆளு இப்ப வீட்டுலதான இருக்காரு, இந்த நேரத்த விட்டா திரும்ப வராது. கரண்ட் பைப்போட சேக்காம தனியா ஒரு பைப் ஒவ்வொரு ரூமுக்கும் ஹால் டிவி மூலையில இருந்து போடச் சொல்லுங்க, மாடிக்கு மட்டும் லேன் கேபிளுக்கு இன்னொரு பைப். ஹாலுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மாடிக்கு ஒரு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்ட்ரீமர், இப்போதைக்கு இது போதும். ஹால் சத்தமே அடுப்படிக்கும் வாசலுக்கும் வந்துரும், பெட்ரூமுக்கு வேணுமான்னு குடி போயி ஒரு வருஷம் கழிச்சு பாப்போம். வயரு இப்ப வாங்க வேணாம், பைப்புக்குள்ள இழுக்குறதுக்கு ஒரு கம்பிய மட்டும் விட்டு வைக்கச் சொல்லிட்டு, ரெண்டு முனையையும் சிமெண்டு போயி அடைக்காம துணி வச்சு மூடச் சொல்லுங்க.