அம்மாவின் வேண்டுதல்

அம்மா வேண்டிக்கொண்டது என் கண்ணுக்காக. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக. கண் சரியாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. "அடுத்த மாதம் போகலாம் அம்மா" என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில், பீரோவில் அவள் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

அவள் போன ஏழு மாதத்தில் நான் அழவே இல்லை. கோபம்தான் வந்தது, எதற்கெடுத்தாலும். அன்றைக்கும் அப்படித்தான். சீக்கிரம் தரிசனம் செய்து வைக்கிறேன் என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். கோயில் வாசல் என்றும் பாராமல் கத்திவிட்டேன். பிறகு நான்கு மணி நேர வரிசை. இடித்துத் தள்ளுகிறவர்களுக்கு அம்மனிடம் அப்படி என்ன அவசரமோ! பின்னால் நின்ற பாட்டி என் தோளைப் பிடித்தபடியே வந்தார். இரண்டு முறை உதறினேன். மூன்றாம் முறையும் கை வந்து உட்கார்ந்தது.

சன்னதியில் கண்மலரைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். கேட்க வைத்திருந்தது ஒன்றும் நினைவில் இல்லை. தீபாராதனை ஏறியது. தோளில் கனம் கூடியது. பாட்டி எம்பிப் பார்க்கிறார். "எனக்கு மறைக்கிறது. உனக்குத் தெரிகிறதா தம்பி?"

கண் கட்டை அவிழ்த்த அன்று அம்மா கேட்டதும் இதைத்தான். தெரிகிறதா?

"தெரிகிறது பாட்டி" என்றேன். பொய். அதற்குள் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்த சத்தம் என்னுடையதுதானா என்றுகூடப் புரியவில்லை. பாட்டியை முன்னால் நிறுத்தினேன். "நகருங்கள், நகருங்கள்" என்றார்கள். நகர்ந்தோம்.

மண்டபத்தில் உட்கார்ந்தபோது எப்போதோ படித்த தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் நான்கு. உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடிக்குக் கேடு செய்வது), அலை (அடித்து வருத்துவது), கொலை என்று வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, தொல்காப்பியர் சொன்ன நான்கில் என் காரணம் எதுவுமே இல்லை. அழுகைக்குச் சொன்னவற்றில் இரண்டாவதாகவே இருக்கிறது, இழவு. ஏழு மாதமாக நான் தப்பான பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வாசலில் யாரிடம் கத்தினேனோ அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தேடினேன். அவர் அடுத்த ஆளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். போகட்டும்.

தாயே, கண்ணைக் கொடுத்தாய். அதில் தண்ணீரையும் கொடுத்தாயே.