ஓ.ஈ.டி. ஸ்பீக்கிங்: தலையாட்டினால் ரெக்கார்டிங்கில் கேட்காது

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.யின் ரிசல்ட் நேற்று வந்தது. ஸ்பீக்கிங்கில் 380. பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. கேட்பது 350தான். நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூக்கத்தோடு ரோல்-பிளே பயிற்சி செய்யும் நர்ஸ் தோழிகளுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னைக் காப்பாற்றியது இந்த ஒரே விஷயம்தான். எதிரில் பேஷண்டாக நடிப்பவர் நமக்கு மார்க் போடுவதில்லை. மார்க் போடுகிறவர்கள் ரெக்கார்டிங்கை வைத்துத்தான் போடுகிறார்கள். வார்டில் நம் வேலையில் பாதியை முகமும் கையும்தான் செய்கின்றன. பேஷண்ட் பேசும்போது தலையாட்டுவோம், புருவம் சுருக்குவோம், தோளைத் தொடுவோம். ரெக்கார்டிங்கில் அது அத்தனையும் வெறும் மௌனம். அதனால் தலையாட்டத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் வாயைத் திறந்தேன். "ம்ம்", "ஐ சீ", "தட் சவுண்ட்ஸ் ரியலி ஹார்ட்". இவ்வளவுதான்.

அடுத்தது, பேஷண்ட் பக்கத்துக் குறிப்புகள். மார்க்கில் மொழிக்கு 24, பேஷண்டோடு பழகிப் பேசும் விதத்துக்கு, அதாவது கிளினிக்கல் கம்யூனிகேஷனுக்கு, 15. பேஷண்ட் தரும் குறிப்பைப் பிடிக்கிறோமா என்பது அந்தப் 15-க்குள் வருகிறது. பெரும்பாலோர் கிராமரையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

பயிற்சியில் வந்த ஒரு கார்டு (ரோல்-பிளேயின் சூழ்நிலையும் நாம் பேசவேண்டிய பாயிண்டுகளும் இருக்கும் சீட்டு): சர்க்கரை நோயாளி, இன்சுலின் தொடங்க வேண்டும். நான் விளக்கி முடித்ததும் பேஷண்டாக இருந்த தோழி ஒரு பெருமூச்சு விட்டு, "ஓகே... இஃப் யூ சே ஸோ" என்று இழுத்தாள். வாய் சம்மதிக்கிறது, குரல் சம்மதிக்கவில்லை. அடுத்த பாயிண்டுக்குப் போகாமல், "யூ சவுண்ட் அன்ஷ்யூர். வாட்ஸ் வொரியிங் யூ?" என்று கேட்டேன். அப்புறம்தான் வந்தது: இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு அம்மாவின் காலை எடுத்துவிட்டார்களாம், தனக்கும் அப்படி ஆகுமோ என்ற பயம். இது நம் கார்டில் இருக்காது, பேஷண்டாக நடிப்பவரின் கார்டில் மட்டும் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.

காதில் விழவேண்டியவை:
- "ஐ சப்போஸ்", "மேபி": பாதி சம்மதம்.
- ஒரே கேள்வி இரண்டாம் முறை: நம் விளக்கம் புரியாமல் இல்லை, பயம் தீரவில்லை.
- சட்டென்று "ஐம் ஃபைன்": பேச விருப்பமில்லை. "டேக் யுவர் டைம்" சொல்லிக் காத்திருங்கள்.
- நடுவில் வேலை, மனைவி, குழந்தை என்று பேச்சு திரும்பினால் கவலை அங்கேதான் இருக்கிறது.

நம் வார்டில் "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்தால் அந்த அம்மா நிம்மதியாகப் படுப்பார். ஆங்கிலத்தில் வெறும் "டோன்ட் வொரி" அவர் சொல்லவந்ததை மூடிவிடும். முதலில் பயத்தை ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு தகவலைச் சொல்லுங்கள்.

பரீட்சை தாண்டி அங்கே வேலைக்குப் போகும்போதும் கவனம் வேண்டும். பக்கவாட்டில் நாம் ஆட்டும் "சரி"யை அவர்கள் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை, அங்கே எதையோ மறைக்கிறோம் என்று படலாம்.

நான் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவள். ஐந்து நிமிடத்தில் எல்லா பாயிண்டையும் ஓட்டி முடிப்பது எனக்கு வராது, தேவையும் இல்லை என்றே சொல்வேன். கடைசி பாயிண்ட் விட்டுப்போனாலும் போகட்டும், பெருமூச்சைத் தாண்டி ஓடாதீர்கள். தயாராகத் தரும் மூன்று நிமிடத்தில் ஒவ்வொரு பாயிண்டுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன். அங்கே நின்று, "ஹவ் டஸ் தட் சவுண்ட் டு யூ?"

பயிற்சியை போனில் ரெக்கார்ட் செய்து மறுநாள் கேளுங்கள், வீடியோ வேண்டாம். பேஷண்ட் பேசும்போது உங்கள் குரலே இல்லாத இடங்களைக் குறித்துக்கொண்டு, அதே கார்டை மறுபடி செய்யுங்கள். ரைட்டிங் பற்றி அடுத்து எழுதுகிறேன்.