பயம் பின்சக்கரத்தில் இருக்கிறது: ஹெவி லைசென்ஸுக்குப் பழகுவோருக்கு

காரை நன்றாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் லாரியில் அதிகம் கை நடுங்குகிறது. நாமக்கல் பக்கம் நான் ஹெவி பழகியபோது, வயலில் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்த பையன்கள் சாவகாசமாக ஏறி உட்கார்ந்தார்கள். கார் ஓட்டிப் பழகிய எங்களுக்கு முதல் வளைவிலேயே வியர்த்தது. காரணம் இருக்கிறது. காரில் முன்சக்கரம் நமக்கு முன்னால் இருக்கும். லாரியில் அது இருக்கைக்கு அடியில் இருக்கும், சில வண்டிகளில் இன்னும் சற்றுப் பின்னால்கூட இருக்கும். அதனால் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அதே இடத்தில் லாரியைத் திருப்பக் கூடாது. நாம் உட்கார்ந்திருக்கும் இடம் திருப்பத்தைத் தாண்டிப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் வளைக்க வேண்டும். அந்த ஓரிரு நொடிகளில் எதிர்ச்சுவர் கண்ணாடியில் வந்து ஒட்டுவதுபோல் இருக்கும். வயிற்றைக் கலக்குவது அந்த நேரம்தான்.

எங்கள் மாஸ்டர் இதற்குப் பேச்சால் தைரியம் சொல்லவில்லை. மைதானத்து மண்ணில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் கீழே நின்று தடத்தைப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் திரும்பிய வண்டியின் முன்சக்கரத் தடம் அகலமாக வளைந்து போயிருந்தது. பின்னால் இருக்கும் இரட்டை டயரின் தடமோ அதற்கு ஒரு மீட்டருக்கும் அதிகமாக உள்ளே தள்ளி, மூலையை உரசிக்கொண்டு கிடந்தது. மூலையில் அவர் வைத்திருந்த கல் மண்ணோடு மண்ணாக அழுந்தியிருந்தது. "கல்லை எடுக்காதீர்கள் தம்பி, அது பைக்கில் வருகிற ஆள்" என்றார். அதன் பிறகு இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி யாரும் எங்களை நச்சரிக்க வேண்டியிருக்கவில்லை.

என் அனுபவத்தில், லாரிப் பயத்தின் பெரும்பகுதி முன்னால் தெரிவதைப் பற்றியது இல்லை. வண்டியின் பின்பாதி எங்கே போகிறது என்று தெரியாததுதான் பயம். ஆகவே ஸ்டீயரிங்கைப் பிடிப்பதற்கு முன்பே, வேறொருவர் ஓட்டும்போது வெளியே நின்று பின்சக்கரத்தை மட்டும் பாருங்கள். ஓட்டத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அந்தப் பின்டயரைத் தேடிப் பிடியுங்கள். அது மூலையைத் தாண்டிவிட்டதைக் கண்ணால் கண்டதும் கை தானாகத் தளரும். இடப்பக்கம் நமக்கு மிகக் குறைவாகத் தெரியும் பக்கம். கிளீனர் இருந்தால் அவர் குரலை நம்பலாம். ஆனால் "வரலாம், வரலாம்" என்பது நின்றுவிட்டால் வண்டியும் அங்கேயே நிற்க வேண்டும். ரிவர்ஸிலும் இதே சட்டம்தான். கிளீனரைக் கண்ணாடியில் காணவில்லை என்றால் பிரேக்கை மிதித்துவிடுங்கள்.

அடுத்த தொல்லை பின்னால் ஒலிக்கும் ஹாரன். 'எல்' போர்டு போட்ட லாரி திரும்பும்போது பின்னால் பத்துப் பேர் அடிப்பார்கள். அடிக்கட்டும். அவர்களுக்காக அவசரப்பட்டு கிளட்சை விட்டால் வண்டி குலுங்கும், அணையும், பதற்றம் இரட்டிப்பாகும். காலி வண்டியைச் சமதளத்தில் இரண்டாவது கியரில் நகர்த்தி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஊர்ந்து போகப் பழகுங்கள். டீசல் எஞ்சினுக்கு அந்த இழுவை உண்டு. ஊர்ந்து போகும் வண்டியில் யோசிக்க நேரம் கிடைக்கும்.

காற்றழுத்தத்தால் பிடிக்கும் ஏர் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் எஞ்சினை ஓடவிட்டு, காற்றழுத்த முள் மேலே ஏறும்வரை காத்திருக்க வேண்டும். புதியவர்கள் இதைச் சடங்காக நினைக்கிறார்கள். பதற்றத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்பக் குத்தினால் காற்று தீர்ந்துகொண்டே போகும், எச்சரிக்கை ஒலி கத்தும், அதைக் கேட்டுப் பதற்றம் இன்னும் ஏறும். ஒரே சீராக அழுத்திப் பழகுங்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை போய் டயர்களைத் தட்டிப் பார்ப்பேன். டயருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தாலும் கற்றுக்கொள்ளாதீர்கள். சேலம், தருமபுரிக்கு இடையே தொப்பூர் கணவாயில் நடந்த லாரி விபத்துகளைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். டீசலை மிச்சப்படுத்துகிறேன் என்று எஞ்சின் பிடிப்பை விட்டுவிட்டால், பாரம் முழுவதும் பிரேக் மீது விழும், பிரேக் சூடேறும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ ஏறத்தாழ அதிலேயே இறங்குவது எனக்குக் கைகொடுத்தது.

காகித வேலை எளிது. லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) கேட்க வயது 20 ஆகியிருக்க வேண்டும், கார் உரிமம் கையில் வந்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றுக்குப் படிவம் 1ஏ, பயிற்சிப் பள்ளிச் சான்றுக்குப் படிவம் 5. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போகலாம். அந்த 30 நாளோடு முடித்துவிட வேண்டும் என்று துடிக்காதீர்கள், ஆறு மாதம் இருக்கிறது.

தேர்வில் பார்க்க வேண்டியவற்றை 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளே வரிசையாகச் சொல்கின்றன. ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பது, இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றுவது, குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் அதில் உண்டு. ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்ததும் பலருக்கு வேகமாக ஓட்டிக் காட்டத் தோன்றும். அப்படிக் கேட்பவர் யாரும் இல்லை. முடிந்தால் நீங்கள் பழகிய அதே வண்டியைத் தேர்வுக்குக் கொண்டுவரப் பள்ளியில் முன்கூட்டியே பேசிவையுங்கள். கிளட்ச் கடிக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும்.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தவறினால்தான் 60 நாள் காத்திருப்பு. கிடைக்கும் ஏழு நாளையும் ரிவர்ஸுக்கே கொடுங்கள். என்னுடன் பழகியவர்களில் தடுமாறியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறினார்கள்.